சென்னையில் வேதம் வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு

சென்னைக்கு வேலைக்கு வந்து, ஞாயிறு தவறாமல் சபைக்கும் போய்க்கொண்டு, ஆனால் வேதாகமத்தை இதுவரை தொடர்ச்சியாக வாசித்ததே இல்லை என்பவர்கள் நிறையப் பேர். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர்களிலும் உண்டு, அண்மையில் விசுவாசத்துக்குள் வந்தவர்களிலும் உண்டு. யாரோ அன்பாகக் கொடுத்த புதிய ஏற்பாட்டை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அலமாரியில் வைத்திருப்பவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நமக்கு வசனம் தெரியும். காலண்டரில் இருக்கிறது, ஆட்டோவின் முதுகில் இருக்கிறது, விடிந்ததும் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படத்தோடு வந்து நிற்கிறது. அந்த வசனத்துக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது, பின்னால் என்ன வருகிறது, யார் யாரிடம் சொன்னது என்று கேட்டால் பேசாமல் இருந்துவிடுவோம். கீழே சொல்லியிருப்பது எல்லாமே இந்த ஒரு குறையைத் தீர்த்துக்கொள்வதற்கான வழி. கொஞ்சமாக வாசியுங்கள். வாசிப்பதை முழுப் பகுதியாக வாசியுங்கள். வாசித்ததில் ஒன்றையாவது அன்றைக்கே செய்துபாருங்கள்.

எந்த வேதாகமத்தை வாங்குவது

தமிழில் இன்று பெரும்பாலான சபைகளில் கையில் இருப்பது ‘பரிசுத்த வேதாகமம்’. 1871இல் வந்த மொழிபெயர்ப்பு. 1715இல் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாடு, அதன்பின் நம்முடைய வேப்பேரியிலேயே தங்கி ஊழியம் செய்த இன்னொரு ஜெர்மன் மிஷனரி ஃபாப்ரிசியுஸ் செய்த மொழிபெயர்ப்பு என்று பல கைகள் பட்டு வந்த நடை அது. ‘விண்ணப்பம்பண்ணுங்கள்’, ‘நித்திரையாயிருந்தார்’ என்று பழைய வாசனை அடிக்கும். ஆனால் ஜெபத்திலும் பாட்டிலும் பிரசங்கத்திலும் காதில் விழுவது இந்த நடைதான், அதனால் மனதில் சீக்கிரம் பதியும்.

இன்னொன்று ‘திருவிவிலியம்’. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் கூடிச் செய்த பொது மொழிபெயர்ப்பு, 1995இல் வந்தது. நடை இன்றைய தமிழுக்கு அருகில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு முதலில் புத்தகப் பெயர்களே குழப்பும். ஆதியாகமம் அதில் தொடக்கநூல், சங்கீதம் அதில் திருப்பாடல்கள், அப்போஸ்தலர் நடபடிகள் அதில் திருத்தூதர் பணிகள். சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், கத்தோலிக்கரின் பதிப்பில் 73. கூடுதலாக இருப்பவை எல்லாம் பழைய ஏற்பாட்டைச் சேர்ந்தவை. புதிய ஏற்பாடு இருவருக்கும் அதே 27 புத்தகங்கள்தான்.

என்னைக் கேட்டால், உங்கள் சபையில் எது வாசிக்கப்படுகிறதோ அதை வாங்குங்கள். கூடவே மற்றதைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். யூவெர்ஷன் செயலியில் தமிழ் வேதாகமம் இலவசம். ஒரு வாக்கியம் பிடிபடவில்லையென்றால் இன்னொரு மொழிபெயர்ப்பில் அதே வசனத்தை எடுத்துப் பாருங்கள், பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

வாங்குவதற்குப் பார்க் டவுனில் சி.எல்.எஸ். (கிறிஸ்தவ இலக்கியச் சங்கம்) புத்தகக் கடை இருக்கிறது, வேப்பேரி, புரசைவாக்கம் பக்கம் கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் இருக்கின்றன. கத்தோலிக்க ஆலயங்களை ஒட்டிய கடைகளில் திருவிவிலியம் கிடைக்கும். ஆன்லைனில் வாங்குவதைவிட நேரில் போய்ப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் எழுத்தின் அளவு முக்கியம். கையடக்கமாக அழகாக இருக்கிறதே என்று பொடி எழுத்துப் பதிப்பை வாங்கினால் ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டு பக்கம்கூட ஓடாது. வேதாகமத் தாள் மெலிசு, ஜெல் பேனா வைத்தால் மறுபக்கம் ஊறிவிடும். ஒரு பென்சிலை உள்ளேயே செருகி வைத்துக்கொள்ளுங்கள். ஜிப் வைத்த தோலுறை வேண்டாம் என்பது என் கருத்து. திறப்பதற்கு எவ்வளவு எளிதாக இருக்கிறதோ அவ்வளவு அடிக்கடி திறப்போம்.

மாற்குவில் தொடங்குங்கள்

புத்தாண்டுக்குப் புத்தாண்டு ஆதியாகமத்தில் தொடங்கி, யாத்திராகமத்தின் நடுவில் ஆசரிப்புக் கூடாரத்து அளவுகளில் வேகம் குறைந்து, லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்கள் பலர். அவர்கள்மேல் குற்றமில்லை, தொடங்கிய இடம்தான் கடினமானது. வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்குவது அதைவிடக் கடினம்.

மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரங்கள், நான்கு சுவிசேஷங்களிலும் சிறியது. வாய்விடாமல் வாசித்தால் மொத்தமும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கடற்கரை ஸ்டேஷனில் ஏறி செங்கல்பட்டில் இறங்குவதற்குள் ஒருவர் முழுச் சுவிசேஷத்தையும் வாசித்துவிடலாம். முதல் தடவை அப்படியே ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்வேன். எதையும் ஆராய வேண்டாம், கோடு போட வேண்டாம். ஒரு ஞாயிறு மத்தியானம் போதும். கதை எங்கே ஆரம்பிக்கிறது, எப்போது எருசலேமை நோக்கித் திரும்புகிறது, கடைசி வாரத்துக்கு எத்தனை அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். 11ஆம் அதிகாரத்தில் இயேசு எருசலேமுக்குள் நுழைகிறார், மீதிப் புத்தகம் ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரு வாரத்தைப் பற்றியதுதான். துண்டு துண்டாகவே கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது கண்ணில் பட்டிருக்காது.

அதற்குப் பிறகு நாளுக்கு அரை அதிகாரம். ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

எப்போது, எங்கே

‘அவர் அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய், அங்கே ஜெபம்பண்ணினார்’ என்று மாற்கு 1:35 சொல்கிறது. முந்தின நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் பட்டணமே கூடியிருந்தது என்று இரண்டு வசனங்களுக்கு முன்னால் இருக்கிறது. அத்தனை பேர் நெருக்கிய மறுநாள் இயேசு தனியிடம் தேடிப் போகிறார். சென்னையில் பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேர் தங்கியிருக்கும் மேன்ஷன்வாசிக்கும், மாமியார், பிள்ளைகள், பால்காரர் என்று விடிந்ததிலிருந்து நிற்க நேரமில்லாத குடும்பத்தலைவிக்கும் ‘வனாந்தரமான ஓரிடம்’ எளிதில் அமையாது. மொட்டை மாடி உண்டு. ஆபீசுக்கு அரை மணி முன்னால் போய்ச் சேர்ந்தால் ஆளில்லாத கேன்டீன் மேசை உண்டு. பகலில் திறந்திருக்கும் ஆலயங்களில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

காலைதான் வாசிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. நைட் ஷிஃப்ட் முடித்து ஓ.எம்.ஆரிலிருந்து ஏழு மணிக்கு வீடு வந்து சேருபவர் தூங்கி எழுந்து வாசிக்கட்டும். ஒன்றை மட்டும் விடாதீர்கள்: அதே நேரம், அதே இடம். நேரமும் இடமும் மாறிக்கொண்டே இருந்தால் தினமும் புதிதாகத் தீர்மானம் எடுக்க வேண்டியிருக்கும், அதிலேயே மனம் சலித்துவிடும். தாம்பரம் லைனில் காலைக் கூட்டத்தில் புத்தகத்தை விரிக்க முடியாது என்பவர்கள் ஹெட்ஃபோனில் ஒலி வேதாகமத்தைக் கேட்கலாம். கேட்ட பகுதியை இரவில் ஒரு தடவை கண்ணாலும் பார்த்துவிடுங்கள்.

போனில் வாசிப்பவர்கள் டேட்டாவை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

ஒரு பகுதியை எப்படி வாசிப்பது

மாற்கு 5:21 முதல் 43 வரை எடுத்துக்கொள்வோம். ஒரு தடவை மெதுவாக, உதடு அசைய வாசியுங்கள். பிறகு மூன்று காரியம் கேளுங்கள். இங்கே யார் யார் இருக்கிறார்கள்? யாருக்கு என்ன தேவை? இயேசு என்ன செய்கிறார், என்ன சொல்கிறார்? ‘இது எனக்கு என்ன சொல்கிறது’ என்ற கேள்வி அப்புறம்தான். அதை முதலில் கேட்டால் நாம் ஏற்கெனவே நினைத்திருப்பதைத்தான் வசனத்திலும் காண்போம்.

யவீரு ஜெப ஆலயத்தலைவன். மகள் சாகும் தறுவாயில் இருக்கிறாள். காலில் விழுந்து கூப்பிடுகிறான், இயேசு கிளம்புகிறார். வழியில் கூட்டம் நெருக்குகிறது. அந்தக் கூட்டத்தில் 12 வருஷமாய் உதிரப்போக்கால் அவதிப்படுகிற ஒரு ஸ்திரீ. அநேக வைத்தியரிடம் போய்க் கையில் இருந்ததையெல்லாம் செலவழித்தும் குணமாகாமல் அதிகமாய்ப் போனது என்கிறார் மாற்கு. அவள் பின்னால் வந்து வஸ்திரத்தைத் தொடுகிறாள், சுகமாகிறாள். இயேசு நின்றுவிடுகிறார். ‘என் வஸ்திரங்களைத் தொட்டது யார்?’ என்கிறார். இவ்வளவு கூட்டம் நெருக்கும்போது இப்படிக் கேட்கிறீரே என்று சீஷர்களுக்கே ஆச்சரியம்.

இப்போது யவீருவின் இடத்தில் நின்று பாருங்கள். ஜி.எச். எமர்ஜென்சிக்கு டாக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு ஓடுகிற தகப்பன், வழியில் டாக்டர் இன்னொருவரோடு நின்று பேச ஆரம்பித்துவிட்டால் எப்படித் துடிப்பான்? அந்த ஸ்திரீ நடுங்கிக்கொண்டு வந்து ‘உண்மையையெல்லாம்’ சொல்கிறாள். 12 வருஷத்துக் கதை, ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்காது. இயேசு முழுவதையும் கேட்கிறார். ‘மகளே’ என்று கூப்பிட்டு, சமாதானத்தோடே போ என்கிறார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆள் வந்து, உன் மகள் இறந்துபோனாள், இனி போதகரை ஏன் வருத்தப்படுத்துகிறாய் என்கிறது. ‘பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு’ என்று இயேசு சொல்வது அந்த நொடியில்.

இந்த வாக்கியத்தை மட்டும் வாசலில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும் வீடுகள் எத்தனையோ. அது தாமதத்தின் நடுவில், செத்துப்போனாள் என்ற செய்தி காதில் விழுந்த பிறகு, ஒரு தகப்பனிடம் சொல்லப்பட்டது என்று தெரிந்து வாசித்தால் அதன் கனமே வேறு.

இன்னும் இரண்டு நுணுக்கம். அந்தச் சிறுபெண்ணுக்கு வயது 12 என்று கடைசியில்தான் மாற்கு சொல்கிறார். அவள் பிறந்த வருஷத்தில்தான் அந்த ஸ்திரீக்கு நோய் தொடங்கியிருக்கிறது. ஒரு வீட்டில் சந்தோஷமாய்ப் போன அதே பன்னிரண்டு வருஷம் இன்னொருத்திக்கு வேதனையாய்ப் போயிருக்கிறது, ஒரே நாளில் இருவரையும் இயேசு சந்திக்கிறார். இரண்டாவது, பிள்ளை எழுந்து நடந்ததும் எல்லோரும் பிரமித்து நிற்கும்போது அவர் சொல்கிற கடைசி வார்த்தை: அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள். மரித்தவளை எழுப்பினவருக்குப் பிள்ளைக்குப் பசிக்கும் என்கிற நினைப்பு இருக்கிறது. இந்த ஒரு வரிக்காகவே இந்தப் பகுதியை எத்தனை தடவை வேண்டுமானாலும் வாசிப்பேன்.

இதற்கெல்லாம் விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை பாருங்கள். நிதானமாகப் பார்த்தால் போதும்.

புரியாத இடங்கள் வரத்தான் செய்யும். எங்கள் பகுதி வீட்டுக்கூட்டத்தில் ஒரு பையன், “அக்கா, பாதி எனக்குப் புரியவே இல்லக்கா” என்றபோது மூத்த சகோதரி ஒருவர், “புரியாத எடத்துல ஒரு புள்ளி வெச்சுட்டு அடுத்ததுக்குப் போ தம்பி. அடுத்த வருஷம் வாசிக்கறப்போ பாதிப் புள்ளிய அழிச்சிடுவ” என்றார். நல்ல யோசனை. பென்சில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாக்குத்தத்த அட்டையை என்ன செய்வது

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டில் வைத்த வாக்குத்தத்த அட்டையை எடுத்து, வெளியே வந்து வெளிச்சத்தில் படித்துப் பார்க்காத தமிழ்க் கிறிஸ்தவர் குறைவு. அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அட்டையில் வந்த வசனத்துக்குரிய அதிகாரத்தை அந்த வாரத்துக்குள் முழுவதும் வாசியுங்கள் என்றுதான் சொல்வேன்.

அடிக்கடி வருகிற ஒன்று எரேமியா 29:11. ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்’ என்று தொடங்குவது. விசா கிடைக்கும், வரன் அமையும், வீடு கட்டி முடிப்போம் என்று நம்முடைய எதிர்பார்ப்புகளை அதன்மேல் ஏற்றிவிடுகிறோம்.

அதிகாரத்தைத் திறந்தால் அது ஒரு கடிதம். நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போன ஜனங்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பியது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று சபை நடுவே சொல்லி, எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். கேட்பதற்கு இனிப்பான தீர்க்கதரிசனம். எரேமியாவின் கடிதமோ 70 வருஷம் என்கிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் சொந்த ஊர் மண்ணை இனி மிதிக்கப்போவதில்லை. அவர்களைப் பார்த்து, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள் என்கிறார். ஏழாம் வசனம்: ‘நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்.’ பதினோராம் வசனத்தின் ஆறுதல் இத்தனைக்கும் பிறகு வருகிறது. அவசரமாய் முடிகிற காரியத்துக்கான உறுதி அதில் இல்லை. நீண்ட காத்திருப்பிலும் கைவிடாத தேவனைப் பற்றிய உறுதி அதில் இருக்கிறது, அது எனக்கு இன்னும் பெரியதாகத் தோன்றுகிறது.

சென்னையில் இருக்கும் நமக்கு அந்த ஏழாம் வசனம் நேராக வந்து பேசும். திருநெல்வேலியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வந்து இருபது வருஷமாக இங்கேயே இருந்தாலும் ‘ஊர்’ என்றால் அதுதான், இது பிழைக்க வந்த இடம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாது. மழைநீர் வடிகாலில் குப்பை அடைத்துக் கிடந்தால் கார்ப்பரேஷன் பார்த்துக்கொள்ளும். பாபிலோனுக்காக ஜெபிக்கச் சொன்னவர் சோழிங்கநல்லூருக்காகவும் கொளத்தூருக்காகவும் ஜெபிக்கச் சொல்லமாட்டாரா? உங்கள் தெருவின் பெயரைச் சொல்லி ஜெபிக்கத் தொடங்குங்கள். காலையில் குப்பை வண்டியோடு வருகிற துப்புரவுப் பணியாளரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குப்பையைப் பிரித்துக் கொடுங்கள். இது வேத வாசிப்பின் பகுதிதான்.

அன்றைக்கே ஒரு காரியம்

‘திருவசனத்தைக் கேட்கிறவர்களாய்மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்’ என்கிறார் யாக்கோபு. வாசித்து முடித்ததும், இன்று நான் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம் என்ன என்று கேட்டு ஒரு வரி எழுதி வையுங்கள். ‘அதிக அன்பாய் இருப்பேன்’ என்று எழுதினால் எதுவும் நடக்காது. யாரிடம், எப்போது, என்ன என்று இருக்கட்டும்.

நீதிமொழிகள் 15:1, ‘மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும், கடுஞ்சொற்களோ கோபத்தை எழுப்பும்.’ மே மாதத்தில் மெட்ரோ வாட்டர் லாரி வந்து நிற்கும்போது குட வரிசையில் இதைச் செய்து பாருங்கள். அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் உங்கள் இடத்தில் வேறு வண்டி நிற்கும்போது, அசோசியேஷன் குரூப்பில் மெசேஜ் தட்டுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். நேரில் போய்க் கதவைத் தட்டி, “சார், வண்டிய கொஞ்சம் எடுக்க முடியுமா?” என்று கேட்பது அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிவது. நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருப்பதால் தேதிக்கு ஒரு அதிகாரம் என்று வாசிக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. நல்ல பழக்கம், மாற்குவோடு சேர்த்தே செய்யலாம்.

லேவியராகமத்தைக் கடினம் என்று சொன்னேன். அதற்குள்ளேயே 19:13 இருக்கிறது: ‘கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது.’ வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குச் சம்பளம் ஐந்தாம் தேதியா பத்தாம் தேதியா என்று நம் வசதிப்படி இழுப்பதையும், பெயின்டருக்குப் பாதிப் பணத்தை நிறுத்தி வைத்து நாலு தடவை நடக்க விடுவதையும் இந்த வசனம் விடாது. அவர்களுக்கு வாடகை ஒன்றாம் தேதியே கொடுக்க வேண்டியிருக்கும். ஜெபக்கூட்டத்துக்கு வீட்டைத் திறந்துவிட்டு, கூலியைத் தாமதமாய்க் கொடுப்பது பொருந்தாது.

இருளான நாட்களுக்கு

எல்லா நாளும் செய்யத் தெம்பிருக்காது. துக்கம் நடந்த வீட்டில், வேலை போன மாதத்தில் மாற்குவை மூடி வைத்துவிட்டுச் சங்கீதங்களுக்குப் போங்கள். 150 சங்கீதங்களில் கணிசமானவை புலம்பல்கள். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று 13ஆம் சங்கீதம் நேரடியாகவே கேட்கிறது. 69ஆம் சங்கீதம் வெள்ளத்தில் சிக்கினவனுடைய கூக்குரலோடு தொடங்குகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் கழுத்தளவு தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசியில்கூட ஸ்தோத்திரம் வரவில்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. துக்கத்தில் இருப்பவரிடம் ‘ஸ்தோத்திரம் சொல்லுங்க, எல்லாம் சரியாயிடும்’ என்று அவசரப்படுத்துகிறவர்கள் அந்தச் சங்கீதத்தை ஒரு தடவை வாசிக்க வேண்டும்.

தனியாக வாசிக்காதீர்கள்

சென்னைக்குப் புதிதாக வருபவர்களுக்கு இத்தனை சபைகளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். கத்தோலிக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே, வீட்டுச்சபை என்று ஒரே தெருவில் மூன்று போர்டு தொங்கும். சி.எஸ்.ஐ. சபையே, பிரிந்திருந்த பல சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று நம்முடைய கதீட்ரல் ரோட்டில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றுகூடி உண்டானதுதான். எங்கே போவது என்று கேட்பவர்களிடம் நான் இரண்டு காரியத்தைக் கவனிக்கச் சொல்வேன். ஆராதனையில் வேதம் ஒரு வசனமாக இல்லாமல் ஒரு பகுதியாக நிதானமாக வாசிக்கப்படுகிறதா? உங்களுக்குச் சந்தேகம் வந்தால் கூச்சமில்லாமல் கேட்பதற்கு அங்கே ஒரு ஆள் இருக்கிறாரா? அது ஃபாதராக இருக்கலாம், ஆயராக, பாஸ்டரம்மாவாக, வாரநாள் கூட்டம் நடத்தும் ஒரு ரிட்டயர்டு டீச்சராக இருக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். யாராவது ஒரு வசனத்தைக் காட்டி உங்களிடம் பணம் கேட்டால், இத்தனை ஆயிரம் விதைத்தால் இத்தனை மடங்கு வரும் என்றால், “அந்த அதிகாரம் முழுசையும் சேர்ந்து வாசிப்போமா ஐயா?” என்று கேளுங்கள். நல்ல ஊழியர் சந்தோஷமாக உட்காருவார்.

வியாதியில் இருப்பவர்களிடம் விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தாதீர்கள். மேலே பார்த்த ஸ்திரீயைச் சுகமாக்கினபோது இயேசு வைத்தியர்களைத் திட்டவில்லை. கொலோசெயருக்கு எழுதின நிருபத்தில் பவுல், லூக்காவைப் ‘பிரியமான வைத்தியன்’ என்கிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கும் அடிக்கடி வரும் பலவீனத்துக்கும் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்று யோசனை சொல்கிறார். இன்சுலினையும் பிரஷர் மாத்திரையையும் எடுத்துக்கொண்டே ஜெபிக்கலாம், அதில் விசுவாசக் குறைவு ஒன்றுமில்லை. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

மாற்கு முடிந்த பிறகு

யோவானுக்குப் போகலாம், 21 அதிகாரங்கள். சென்னையில் இருந்துகொண்டு யோவானை வாசிக்கிறவர்கள் தோமாவைக் கவனியுங்கள். இந்த நகரத்தின் சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம் மூன்றும் அவருடைய பெயரோடு மரபாகப் பிணைந்தவை. சந்தேகப்பட்டவர் என்றே அவரை நினைக்கிறோம். அதற்கு முன்பே 11ஆம் அதிகாரத்தில், யூதேயாவுக்குப் போனால் கல்லெறிவார்கள் என்று மற்றவர்கள் தயங்கும்போது, அவரோடு சாகும்படி நாமும் போவோம் வாருங்கள் என்று சொன்னவர் அவர். 14இல், நீர் போகிற இடம் தெரியாதே, வழியை எப்படி அறிவோம் என்று எல்லோர் மனதிலும் இருந்ததை வாய்விட்டுக் கேட்டவரும் அவரே. 20இல் ‘என் ஆண்டவரே! என் தேவனே!’ என்கிறார். இந்த மூன்று இடங்களையும் தேடி வாசித்துவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை வெயில் ஏறுமுன் பரங்கிமலைப் படிகளில் ஏறுங்கள். மேலே ஆலயத்தில் பஹ்லவி என்கிற பழைய பாரசீக எழுத்துப் பொறித்த கற்சிலுவையைப் பார்க்கலாம்.

யோவானுக்குப் பின் லூக்காவும் அப்போஸ்தலர் நடபடிகளும். இரண்டும் தெயோப்பிலு என்பவருக்கு எழுதப்பட்டவை, 24ம் 28மாக 52 அதிகாரங்கள், சேர்த்தே வாசியுங்கள். பிறகு பிலிப்பியர், யாக்கோபு போன்ற சிறு நிருபங்கள். அதன்பின் ஆதியாகமத்துக்குத் திரும்பினால் அது முன்புபோல் பயமுறுத்தாது. புதிய ஏற்பாட்டில் மொத்தம் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு அதிகாரம் என்றால் சரியாக ஒரு வருஷம், சனி ஞாயிறு ஒழிவு.

நாள் விட்டுப்போனால், விட்டதையெல்லாம் சேர்த்து ஒரே இரவில் வாசித்துக் கணக்குத் தீர்க்கப் பார்க்காதீர்கள். நிறுத்தின இடத்திலிருந்து அன்றைய பகுதியை மட்டும் வாசியுங்கள். பி.ஜி.யில் அறைத் தோழியோ, கணவரோ, ஆபீஸில் உடன் வேலை செய்பவரோ யாராவது ஒருவரை இப்போதே சேர்த்துக்கொண்டு, வாரம் ஒரு நாள் டீக்கடையிலாவது உட்கார்ந்து அந்த வாரத்துப் பகுதியைப் பேசுங்கள். முதல் வாரத்துக்கு மாற்கு முதல் மூன்று அதிகாரங்கள் போதும்.